எப்படி அறுபடும் என்று முதலில் கேளுங்கள்

வான்போக்குவரத்துத் தகவல்தொடர்புக்கான நெறிமுறைகளைத் தேர்வுசெய்வோருக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் தகவல்தொடர்புக் குழுவினருக்கும், நாடுகளின் வான்வழிச் சேவை நிறுவனங்களில் இந்தத் தேர்வுகளில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

விமானமும் தரையும் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு எதன் வழியாகப் பேசிக்கொள்ளும் என்பதை நீங்கள் இப்போது முடிவுசெய்து வருகிறீர்கள். வேகம், கொள்ளளவு, செலவு, ஆதரிக்கும் நிறுவனங்களின் எண்ணிக்கை என்று நீங்கள் அலசும் எல்லாமே வேண்டியவைதான். ஒரு கேள்வி மட்டும் எப்போதும் பின்னிணைப்புக்குப் போய்விடுகிறது. இந்த நெறிமுறை, அதாவது கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் விதித்தொகுப்பு, பழுதாகும்போது எப்படிப் பழுதாகும், அது யாருக்கு முதலில் தெரியவரும், எத்தனை நொடியில் தெரியவரும்? அந்தக் கேள்வியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

2002 ஜூலை 1 அன்று இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. விமானத்திலிருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் சொன்னதும் கட்டுப்பாட்டாளர் சொன்னதும் முரண்பட்டதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. தொலைபேசியைப் பற்றிய பேச்சுதான் குறைவு. அவ்விரு விமானங்களையும் வழிநடத்திய சூரிச் கட்டுப்பாட்டு மையத்தின் முதன்மைத் தொலைபேசி அமைப்பு அன்றிரவு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. தாமதமாக வந்த இன்னொரு விமானத்துக்காகப் பக்கத்து விமான நிலையத்தை அழைக்க முயன்ற கட்டுப்பாட்டாளருக்கு மாற்று இணைப்பும் கிடைக்கவில்லை. அவருடைய கவனம் அங்கே கரைந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் மோதல் எச்சரிக்கை தோன்றியது. அங்கிருந்தவர்கள் சூரிச்சை மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்த்தார்கள். அழைப்பு போய்ச் சேரவில்லை. ஆபத்தைப் பார்த்துவிட்டவர்கள் ஓரிடத்தில் இருந்தார்கள், தடுக்கக்கூடியவர் வேறிடத்தில் இருந்தார். நடுவே இருந்த வழி செத்துக் கிடந்தது. அது செத்துக் கிடக்கிறது என்பது, தேவைப்பட்ட அந்த நிமிடத்தில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

இதனால்தான் ஐபி (இணைய நெறிமுறை) வழிக் குரலுக்காக, விமானக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோகே வெளியிட்ட ஈடி-137 தரத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இணைப்பை ஏற்படுத்த எஸ்ஐபி, குரலைக் கொண்டுசெல்ல ஆர்டிபி என்று ஏற்கனவே உலகம் பழகிய நெறிமுறைகளையே அது எடுத்துக்கொண்டது. பேசுபொத்தான் அழுத்தப்பட்ட செய்தியை ஆர்டிபி தலைப்பின் நீட்டிப்பில் வைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யாரும் பேசாத நேரத்திலும் கட்டுப்பாட்டு மையத்துக்கும் வானொலி நிலையத்துக்கும் இடையே சிறு பாக்கெட்டுகள் (தரவுத் துணுக்குகள்) ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அது விதித்திருக்கிறது. அவை வருவது நின்றால் இருபுறமும் உடனே தெரிந்துவிடும். ஒரு கட்டுப்பாட்டாளர் பொத்தானை அழுத்தும் முன்பே அந்த அலைவரிசை போய்விட்டது என்று அவருடைய திரை சொல்லும். நல்ல நெறிமுறைக்கு நான் கேட்கும் முதல் இலக்கணம் இது: தன் சாவைத் தானே அறிவிக்க வேண்டும்.

குரலுக்குப் பதில் எழுத்துச் செய்தி அனுப்பும் தரவு இணைப்பிலும் இதே அறிவு பழைய தலைமுறையிடம் இருந்தது. 1978இல் தொடங்கிய ஏகார்ஸ் என்ற விமான-தரைச் செய்தி முறை, விமான நிறுவனங்களின் அலுவல் செய்திகளுக்காகப் பிறந்தது. பிட்டுகளைவிட எழுத்துகளைக் கடத்தவே அது உருவானது. அதன் மேல், கட்டுப்பாட்டாளரும் விமானியும் செய்தி பரிமாறும் ஃபான்ஸ் முறை கட்டப்பட்டபோது, நடுவிலிருக்கும் வலையமைப்பை முழுதாக நம்ப முடியாது என்பதை வடிவமைத்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதனால் பிழைச் சோதனைக் குறியீட்டைக் கணக்கிடும்போது விமானத்தின் பதிவெண்ணையும் உள்ளே சேர்த்தார்கள். ஒரு விமானத்துக்கான ‘உயரத்தைக் கூட்டு’ என்ற உத்தரவு வழிதவறி இன்னொரு விமானத்துக்குப் போனால், அங்கே கணக்கு பொருந்தாது. செய்தி விமானியின் திரைக்கே வராது. பின்னால் வந்த ஐரோப்பிய முறையிலும் இதே காப்பு வேறு வடிவில் தொடர்ந்தது. வானொலி மாறும், ரூட்டர் மாறும், நடுவில் வாடகைக்கு எடுத்த கம்பி மாறும். இரு முனைகளிலும் இருக்கும் இந்தச் சரிபார்ப்பு மட்டும் மாறவில்லை. புதிய நெறிமுறை அடுக்குக்குப் போகும்போது, ‘கீழடுக்கிலேயே குறியாக்கம் இருக்கிறதே, இது எதற்கு இன்னும்?’ என்று யாராவது கேட்பார்கள். தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். குறியாக்கம் செய்தியைத் திருத்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். சரியான விமானத்தின் முகவரியைத் தரைக் கணினி தவறாக எடுத்திருந்தால், தவறான விமானத்துக்கு மிகப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இனி, பழைய தேர்வுகளைப் பற்றி. 1990களில் ஐசிஏஓ, இணையத்தின் டிசிபி/ஐபிக்குப் போட்டியாக இருந்த ஓஎஸ்ஐ நெறிமுறைகளைத் தேர்ந்தெடுத்ததை இன்று கேலி செய்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசுகள் பலவும் ஓஎஸ்ஐயைத்தான் எதிர்காலம் என்று நம்பிய காலம் அது. பறக்கும் முனை ஒரு வானொலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இணைப்பு அறுபடக் கூடாது, எந்தச் செய்தி எந்த வழியில் போகலாம் என்று நாடுகள் கொள்கை வகுக்க முடிய வேண்டும் என்ற தேவைகளுக்கு ஓஎஸ்ஐயின் சிஎல்என்பி, ஐடிஆர்பி நெறிமுறைகள் ஒழுங்கான விடை சொல்லின. ஆனால் உலகம் டிசிபி/ஐபி பக்கம் போய்விட்டது. கருவி செய்பவர்கள் குறைந்தார்கள், சோதனைக் கருவிகள் அருகின, படித்துவிட்டு வரும் பொறியாளர்களுக்கு அந்தப் பெயர்களே தெரியவில்லை. அமெரிக்கா 2002இல் மயாமியில் ஓஎஸ்ஐ அடிப்படையிலான ஏடிஎன் (வான்போக்குவரத்துத் தொலைத்தொடர்பு வலையமைப்பு) வழியைத் தொடங்கிப் பார்த்து, கைவிட்டு, பிறகு ஃபான்ஸ் பக்கம் போனது. ஐரோப்பா ஓஎஸ்ஐயிலேயே நின்றது. இரு கண்டங்களுக்கும் பறக்கும் விமானம் இரண்டையும் சுமக்கும் நிலை வந்தது. நெறிமுறை தானாகப் பழுதாவது ஒரு வகை என்றால், அதைத் தெரிந்தவர்கள் இல்லாமல் போவது இன்னொரு வகைப் பழுது. இரண்டாவது மெதுவாக வருவதால் எந்த எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை.

சந்தையில் இருப்பதை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும் என்பதும் முழு உண்மையில்லை. விமான நிலையத் தரைப்பரப்புக்கான ஏரோமேக்ஸ் வானொலி இணைப்பு, வைமாக்ஸ் என்ற கம்பியில்லா இணையத் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டது. வைமாக்ஸ் அன்று சந்தையில் பெரிய பெயர். சில ஆண்டுகளில் கைப்பேசி உலகம் அதன் போட்டியாளரான எல்டிஇக்குப் போய்விட்டது. ஆக, ‘எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்’ என்பது மட்டும் போதாது. கீழே இருக்கும் வானொலியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் மேலே இருக்கும் பயன்பாட்டுக்கு அது தெரியக்கூடாது. 2010இல் ஐசிஏஓ ஆவணம் 9896 வழியாக நீங்கள் ஐபிவி6 (ஐபியின் புதிய பதிப்பு) அடிப்படையிலான ஏடிஎன்/ஐபிஎஸ் பாதையைத் திறந்தது இதற்காகவே சரியான முடிவு. பழைய பயன்பாடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுக்கும் ஐபிக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் வைத்தீர்கள். கட்டுப்பாட்டாளரும் விமானியும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளைத் தொடாமல் அடித்தளத்தை மாற்றும் வழி அது.

என் கவலையெல்லாம் ஏடிஎன்/ஐபிஎஸ்ஸின் நகர்வுத் தீர்வைப் பற்றியது. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

விமானம் பறக்கப் பறக்க, அது எந்த வானொலி வழியாகக் கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள், தரை வானொலித் தரவு இணைப்பான விடிஎல், நாளை அதன் அடுத்த தலைமுறையான எல்டாக்ஸ். தரையிலிருக்கும் ரூட்டர்களுக்கு இதை எப்படித் தெரியப்படுத்துவது? மொபைல் ஐபி ஒரு வழி: விமானத்துக்கு ஒரு நிலையான ‘வீட்டு முகவர்’ இருக்கும், எல்லாம் அதன் வழியே போகும். அந்த முகவர் விழுந்தால் நன்றாக இருக்கும் வானொலியும் பயனற்றுப்போகும். ரூட்டர்கள் வழிகளைத் தமக்குள் அறிவிக்கும் பிஜிபி நெறிமுறை வழியாக ஒவ்வொரு விமானத்தின் முகவரித் தொகுதியையும் அறிவிப்பது இன்னொன்று. இது பல்லாண்டு பழகிய நெறிமுறை, விழுந்தால் எல்லாம் விழும் ஒற்றைப் புள்ளி இதில் இல்லை. ஆனால் எதிர்முனை ரூட்டர் சத்தமில்லாமல் செத்தால், அதைச் செத்ததாக அறிவிக்க பிஜிபி தரம் பரிந்துரைக்கும் காத்திருப்பு 90 நொடி. கடல்வெளிக்கு நீங்கள் வைத்திருக்கும் ஆர்சிபி240 என்ற தகவல்தொடர்புத் திறன் அளவுகோலில் ஒரு செய்திப் பரிமாற்றத்துக்குக் கிடைக்கும் மொத்த நேரமே 240 நொடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பழுதைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கும் பிஎஃப்டி போன்ற விரைவுச் சோதனையைச் சேர்த்தால் இந்த நேரம் நொடிக்கும் கீழே வரும். அப்படியானால் அது விருப்பத் தேர்வாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும். மூன்றாவது வழியான லிஸ்ப் முறையில் விமானத்தின் அடையாளமும் இருப்பிடமும் பிரிக்கப்படுகின்றன. அழகான எண்ணம். ஆனால் அடையாளத்திலிருந்து இருப்பிடத்தைச் சொல்லும் பதிவேடு கிடைக்காதபோது ரூட்டர் தன் நினைவிலிருக்கும் பழைய விடையை எவ்வளவு நேரம் நம்பும்? பழைய விடையை நம்பிச் செய்தியை வெற்றிடத்துக்கு அனுப்புவது நல்லதா, ‘வழி தெரியவில்லை’ என்று உடனே அனுப்பியவரிடம் சொல்வது நல்லதா? என் பார்வையில் இரண்டாவதுதான். வழி இல்லை என்று தெரிந்த கட்டுப்பாட்டாளர் அடுத்த நொடியே குரலுக்கு மாறிவிடுவார்.

எந்தத் தீர்வைத் தேர்ந்தாலும் சரி, அதன் பழுதுகளை நெரிசலில் சோதியுங்கள். ஐரோப்பா இதற்குக் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டின் 29ஆம் எண் ஒழுங்குமுறை தரவு இணைப்பைக் கட்டாயமாக்கியது. விமானங்களில் கருவிகள் பொருத்தப்பட்டு, வானில் எண்ணிக்கை கூடியபோது இணைப்புகள் தாமாக அறுந்தன. விடிஎல் முறை 2இன் நொடிக்கு 31.5 கிலோபிட் பாதையைக் கட்டுப்பாட்டுச் செய்திகளும் விமான நிறுவனங்களின் அலுவல் செய்திகளும் ஒரே அலைவரிசையில் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று கேட்க முடியாத நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டன. விமானங்களுக்கான கெடு 2015 பிப்ரவரியிலிருந்து 2020 பிப்ரவரிக்குத் தள்ளப்பட்டது. பல அலைவரிசைகள் வேண்டும் என்ற முடிவு, கருவிகளைப் பொருத்திய பிறகு வந்தது. சில விமானங்களோடு செய்யும் சோதனையில் இந்த நோய் ஒருநாளும் தெரிந்திருக்காது.

மாற்று வழிகளைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ஒரே பெயர் கொண்ட இரண்டு வழிப்புள்ளிகள் இருந்தன. ஒன்று பிரான்ஸில், மற்றொன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில். முதன்மைக் கணினி குழம்பித் தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினி அதே திட்டத்தை அதே நிரலோடு படித்து, சில நொடிகளில் அதே போல் நின்றது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். இது வலையமைப்பின் பழுதில்லை என்பது தெரியும். ஆனால் இரண்டு ஐபி பாதைகளில் ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருளை ஓட்டும் ரூட்டர்களை வைத்துவிட்டு ‘இரட்டைக் காப்பு’ என்று எழுதும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இதே பழுது காத்திருக்கிறது. 2014 செப்டம்பரில் சிகாகோ மையத்தில் ஒருவர் தீவைத்தபோது தகவல்தொடர்புக் கருவிகள் ஓரிடத்திலேயே எரிந்தன, முழுச் சேவை திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. 2025 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தின் விமானங்களைக் கையாண்ட கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 90 நொடி ரேடாரும் வானொலியும் இல்லாமல் இருந்தார்கள். அந்த நிமிடத்தில் அவர்கள் மேல் இறங்கிய பாரத்தை நினைத்துப் பாருங்கள். குரலையும் கண்காணிப்பையும் தரவையும் ஒரே ஐபி முதுகெலும்பில் ஏற்றுவது செலவைக் குறைக்கும். மூன்றும் ஒன்றாகப் போகும் நாளையும் அதுவே உருவாக்கும். குறைந்தபட்சம் அவசரக் குரலுக்காவது, அந்த முதுகெலும்பைத் தொடாத வானொலி ஒன்று கட்டுப்பாட்டாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பாதுகாப்புக்கான சான்றிதழ்களிலும் இதே கேள்விதான். ஏகார்ஸில் செய்திகள் பெரும்பாலும் வெட்டவெளியில் போகின்றன, விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பியில் அனுப்புபவர் யார் என்ற உறுதி இல்லை. இவற்றை மாற்றத்தான் வேண்டும். சான்றிதழால் அடையாளத்தைச் சரிபார்த்துச் செய்தியைக் குறியாக்கும் டிடிஎல்எஸ் நெறிமுறை சரியான திசை. ஆனால் நடுக்கடலில் பறக்கும் விமானத்தின் சான்றிதழ் அந்த மணியில் காலாவதியானால் இணைப்பு அறுபடுமா, எச்சரிக்கையோடு தொடருமா? இதை ஒவ்வொரு கருவி நிறுவனமும் தன் விருப்பத்துக்கு முடிவுசெய்யும்படி விடாதீர்கள். தரத்திலேயே எழுதுங்கள்.

நான் கேட்பது இவ்வளவே. தேர்வுக்கு வரும் ஒவ்வொரு நெறிமுறையோடும் அதன் பழுதுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்: என்ன பழுது, எத்தனை நொடியில் தெரியும், யாருடைய திரையில் தெரியும், பிறகு எதற்கு மாறுவது என்று. அந்தப் பட்டியலை உண்மையான நெரிசலில், வேண்டுமென்றே ரூட்டர்களை நிறுத்திச் சோதித்த முடிவுகளோடு பொதுவில் வெளியிடுங்கள். இரவுப்பணியில் தனியாக அமரும் கட்டுப்பாட்டாளரும், அதிகாலையில் பராமரிப்புக்காகக் கம்பியைக் கழற்றும் தொழில்நுட்பரும் அதைப் படித்து ஒப்பமிட்ட பிறகு நீங்கள் கையெழுத்திடுங்கள்.

அக்கறையுடன்,
ஒரு வலையமைப்புப் பொறியாளர்