அட்மிரலின் உண்ணி

மட்டக்களப்பு
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

நான் நலம். நீயும் நலம் என்று உன் தம்பி கல்லடிப் பாலத்தில் மறித்துச் சொன்னான். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் இடையில் புகுந்து உன் தென்னங்கன்றுகளின் கதைக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு ஆறுதலாக வாசி.

அட்மிரல் என்று நாம் பட்டம் வைத்த நம் கூட்டாளி வந்திருக்கிறான். வருடப்பிறப்புக்குத் தாயைப் பார்க்க டுபாயிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு வந்தவன், வந்த கையோடு காய்ச்சலில் விழுந்துவிட்டான். கடும் தலையிடி, பிடரி வலி, உடம்பெல்லாம் உளைவு. ஊரே டெங்கு என்றது. தனியார் கிளினிக் ஒன்றில் இரத்தம் பார்த்தார்கள். வெள்ளணுக்கள் குறைவு, தட்டணுக்களும் கொஞ்சம் குறைவு. அவர்களும் டெங்கு என்றே எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்கொல்லியும் ஏற்றியிருக்கிறார்கள். காய்ச்சல் அசையவில்லை. மாமி அழுதுகொண்டு என்னை அழைத்தார்.

"டுபாயிலிருந்து நேரே வந்தாயா?" என்று கேட்டேன். இல்லையாம்! கம்பனி தன் ஆட்களைத் தென்னாபிரிக்காவுக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறது. குரூகர் வனத்தின் ஓரத்தில், அரைக்காற்சட்டையோடு, முழங்கால் உயரப் புல்லுக்குள் நடந்து காண்டாமிருகம் பார்த்திருக்கிறான் நம் வீரன். எனக்கு முன்னால் அவனைப் பார்த்த எல்லோரும் எங்கிருந்து வந்தீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். டுபாய் என்று சொல்லியிருக்கிறான். அவனிலும் பிழையில்லை.

முதலில் மலேரியாவைத்தான் தேடினேன். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் தந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு அந்த நோய் பாடப்புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து வருவது பெரும்பாலும் ஃபல்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா. ஒரு நாள் பிந்தினாலும் ஆளைக் கொண்டுபோய்விடும். ஒருமுறை இல்லை என்று வந்தால் போதாது. திரும்பத் திரும்பப் பார்த்தோம். இல்லை.

பிறகு சாரத்தை அவிழ்க்கச் சொன்னேன். "பாசிக்குடாவில் நடந்ததற்குப் பிறகு உனக்கு முன்னால் அவிழ்க்கவே மாட்டேன்" என்றான். நூற்று மூன்று காய்ச்சலிலும் இந்த வாய்! முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, இடுப்பு மடிப்பில் இரண்டு: சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு, சுற்றிவரச் சிவப்பு. அரையில் நெறி கட்டியிருந்தது. உண்ணி கடித்ததே அவனுக்குத் தெரியாது. அநேகம் பேருக்குத் தெரிவதில்லை, குஞ்சு உண்ணி கண்ணில் படாது.

ஒரே ஒரு பொருக்கு என்றால் நம் நாட்டிலேயே உள்ள, சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலையும் யோசிக்கவேண்டும். பல பொருக்கு, நெறி, அதோடு தென்னாபிரிக்கப் புல்வெளி என்றால் ஆபிரிக்க உண்ணிக் காய்ச்சல்தான் முன்னுக்கு நிற்கும். அங்கே அதைப் பரப்பும் அம்பிளியோமா உண்ணி புல் நுனியில் சும்மா காத்திருப்பதில்லை. மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்து ஆளைத் தேடி வரும். ஆகவே ஒருவரிலேயே பல கடி, ஒரே கூட்டத்தில் பல நோயாளிகள். கூடப் போனவர்களுக்கு எடுத்துக் கேள் என்றேன். இரண்டு பேர் டுபாயில் படுக்கையில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கொப்புளம் என்று மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், காலை மாலை. மறுநாளே காய்ச்சல் இறங்கியது, அதற்கடுத்த நாள் மாமியிடம் இறால் கறி கேட்டுச் சண்டை. இதன் கிருமியான ரிக்கெட்சியா கலத்துக்குள் குடியிருப்பது; செஃப்ட்ரியாக்சோனை எத்தனை போத்தல் ஏற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரிய மூன்று நான்கு கிழமை ஆகலாம்; மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் தெரியாமலேயும் போகலாம். பொருக்கிலிருந்து எடுத்து பிசிஆர் செய்வதுதான் சரியான வழி, ஆனால் அந்த முடிவுக்காக மருந்தை நிறுத்தி வைக்க முடியுமா? இதில் ஒரு வேடிக்கை. 1930களிலேயே பிரிட்டோரியாவில் பைப்பர் என்ற மருத்துவர் இது மத்தியதரைக்கடல் பக்கத்துக் காய்ச்சலிலிருந்து வேறான நோய் என்று சொல்லியிருந்தார். யாரும் ஏற்கவில்லை. 1990களில் சிம்பாப்வேயில் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் மனிதர் சொன்னது சரியானது.

இவ்வளவையும் உனக்கு எழுதுவதற்குக் காரணம் அட்மிரல் அல்ல. அவனுடையது சாதுவான காய்ச்சல், யாரும் பார்க்காமல் விட்டிருந்தாலும் அநேகமாகப் பிழைத்திருப்பான். என் பயம் வேறு. அக்கரைப்பற்று, பொத்துவில், திருக்கோவில் பையன்கள் எத்தனை பேர் வளைகுடாவில் ஆடு, ஒட்டகம் மேய்க்கிறார்கள்? ஓமான், ஈராக், ஈரான் பக்கமெல்லாம் கிரிமியன்-கொங்கோ காய்ச்சல் இருக்கிறது. ஹயலோமா உண்ணி கடித்தும் வரும், அறுத்த ஆட்டின் இரத்தம் பட்டும் வரும். காய்ச்சல், தட்டணு வீழ்ச்சி, ஈரல் நொதி உயர்வு, இரத்தக் கசிவு. இந்த நான்கையும் நம் வார்டில் யாரிடம் காட்டினாலும் என்ன சொல்வார்கள்? டெங்கு! கட்டில்களுக்கு நடுவே படுக்கவைத்து, சில மணிக்கொருமுறை ஊசி குத்தி இரத்தம் எடுப்பார்கள். டெங்கு அப்படித் தொற்றுவது மிக அரிது, இது தொற்றும். 2011இல் அகமதாபாத்தில் நோயாளியோடு அவரைப் பார்த்த மருத்துவரும் தாதியும் இறந்துபோனார்கள். வந்தவர்களில் பத்துக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரை சாகிற நோய் மச்சான். ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, வளைகுடாவில் ஆடு அறுக்கும் வேலையில் நிற்பவர்கள் லீவில் வருவார்கள். வருகிறவர்கள் முதலில் ஏறுவது உன் வாசற்படி.

ஆகவே உன் கம்பவுண்டர் துண்டு எழுதும்போதே கேட்கட்டும்: கடந்த சில மாதங்களில் எந்தெந்த நாட்டில் நின்றார், அங்கே என்ன வேலை, காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது. தேதியை விடாதே. நாடு திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகு தொடங்கிய காய்ச்சல் அங்கே பிடித்த டெங்குவாக இருக்காது. கிரிமியன்-கொங்கோவும் பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டிவிடும். மலேரியா மட்டும் மாதம் கடந்தும் வரும். ஆடு மாட்டோடு நின்றவன், தட்டணு குறைவு என்றால் உன் புகழ்பெற்ற இடுப்பு ஊசியைப் போடாதே. தனியாக இருத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள், ஆட்டோவில் ஏற்றி அனுப்பாமல் முதலில் எனக்குப் போன் அடி. எந்த நேரமானாலும் சரி.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு கூட்டம். கையுறைப் பெட்டிகள் கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாடு உன் வீட்டில், தங்கச்சியிடம் சொல்லிவை. அட்மிரலும் கூட வருவதாகச் சொல்கிறான். காசு கேட்டால் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சிவா