பாட்டு இல்லாத படமும் பர்மா அரிசி வராத வருடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ‘அந்த நாள்’ படத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது: பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். எல்லோரும் எழுதுவதுதான், உண்மையும்கூட. ஆனால் கட்டுரையைப் படித்த கையோடு படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அப்புறம் இந்த வாரம் முழுக்க சினிமா, புத்தகம், சாப்பாடு என்று எதை எடுத்தாலும் எல்லாமே 1942, 43ஆம் வருடத்துச் சென்னையிலேயே கொண்டுபோய் விட்டன. அதைத்தான் எழுதுகிறேன், உங்களிடம் கேட்க ஒன்றும் இருக்கிறது.

முதலில் படம். 1954இல் ஏவி.எம். தயாரித்தது, இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணை வித்வான் பாலசந்தரேதான். அவ்வளவு பெரிய சங்கீதக்காரர் தன் படத்தில் ஒரு பாட்டுகூட வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார், அந்தத் துணிச்சலைப் பாராட்டுவது நியாயம்தான். ஆனால் கதை நடக்கும் காலத்தை யாரும் பேசுவதில்லை. அது 1943 அக்டோபர், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம். எடுத்த எடுப்பில் துப்பாக்கி வெடித்து சிவாஜி சரிந்து விழுகிறார். பிறகு சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரிக்க, ஒரே சாவுக்கு ஆளுக்கொரு கதை வருகிறது. செத்தவன் ரேடியோ இன்ஜினியர். அந்த வேலைக்கும் யுத்தத்துக்கும் என்ன முடிச்சு என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது, பார்க்காதவர்களுக்காக அதை அவிழ்க்காமல் விடுகிறேன். யுத்தத்தை எடுத்துவிட்டால் அந்தக் கொலைக்குக் காரணமே கிடையாது. அப்படிப்பட்ட படத்தைப் பாட்டுக் கணக்கோடு நிறுத்திவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாட்டு என்றதும் இன்னொன்று. யுத்த காலத்தில் பிலிம் சுருளுக்கே பஞ்சம் வந்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. கிட்டத்தட்ட 2 மணி நேரம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பாட்டும் காமெடியுமாக நீண்டுகொண்டே போன நம் படங்கள் அந்த அளவுக்குள் ஒடுங்க வேண்டியிருந்தது. நம் சினிமா சரித்திரத்தில் இதற்கும் ஒரு தனிக் கட்டுரை தேவை.

அடுத்தது புத்தகம். உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கையில் எப்போதும் இருக்கும். ஆனந்த விகடனில் 1940இல் தொடராக ஆரம்பித்து, முடிவு பெறாமலே நின்றுபோன சுயசரிதை. ஏன் நின்றது என்றால், அவர் காலமானார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவோம். எங்கே காலமானார்? சென்னை திருவல்லிக்கேணி வீட்டில் அல்ல, திருக்கழுக்குன்றத்தில், 1942 ஏப்ரல் 28ஆம் தேதி. அந்த மாதம்தான் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டார்கள். அடுத்தது சென்னைதான் என்ற பயத்தில் ஊரே காலியானது. 87 வயதுப் பெரியவரும் அந்தக் கலவரத்தில்தான் ஊரை விட்டுப் போனார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தேடிப் போனவரிடம், எல்லாவற்றையும் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்று சொன்னார்களே, அந்த இடத்தை இந்த வாரம் மறுபடி படித்தேன். சொன்னவர் குரலில் ஒரு குறையும் இல்லை, சாஸ்திரப்படி செய்த திருப்திதான் தெரிகிறது. நெருப்பு ஏடுகளை என்ன செய்யும் என்று அவ்வளவு நன்றாகத் தெரிந்த மனிதர், வானத்திலிருந்து நெருப்பு விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிய நாட்களில் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. அவர் சேர்த்த ஏடுகளுக்காக மறுவருடமே, 1943இல், அவர் பெயரிலேயே நூல்நிலையம் அமைந்தது என்பது ஆறுதல். திருவல்லிக்கேணி வீட்டைத்தான் 2012இல் இடித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு விஷயம் சின்னதுதான், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரவா இட்லி. பெங்களூரு மாவள்ளி டிபன் ரூம் ஹோட்டல்காரர்கள் சொல்வது இது: யுத்தத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது, ரவையில் இட்லி வருமா என்று செய்து பார்த்ததுதானாம். பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டதல்லவா? ரவையை நெய்யில் மணம் வரும்வரை வறுத்து, தயிரில் ஊறவைத்து, கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளித்துக் கொட்டி, ஆப்பசோடா ஒரு சிட்டிகை. ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் தெருவில் தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னேன். ரேஷனில் கோதுமையைப் போட்டால் அதை என்ன செய்வதென்றே தெரியாமல், கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தோம் என்றார். தெருவிளக்குக்கெல்லாம் மறைப்புப் போட்டிருந்தது, அப்பா மட்டும் ஆபீசுக்காகச் சென்னையில் தங்கிவிட்டு எங்களை மாயவரத்துக்கு ரயிலேற்றினார், ரயிலில் நிற்க இடமில்லை, தம்பியை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். இதுவரை தன்னிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை என்றும் சொன்னார்.

நான் கேட்க வந்தது இதுதான். மலாயா, சுமத்ரா பக்கத்து யுத்தத்தை ப. சிங்காரம் நாவலாகவே எழுதி வைத்துவிட்டார். சென்னையைக் காலி செய்த குடும்பங்களின் கதை அங்கங்கே ஒரு வரி, இரண்டு வரியாகச் சிதறிக் கிடக்கிறது. அப்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறுக்கு மேல். தயவுசெய்து உங்கள் பத்திரிகையில் ஒரு அறிவிப்புப் போடுங்கள்: வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், எந்த ஊருக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள், என்ன சாப்பிட்டார்கள், விட்டுவிட்டுப் போன வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. பழைய கடிதம், ரேஷன் கார்டு, போட்டோ இருந்தால் அதன் படத்தையும் கேளுங்கள். வாரம் அரைப் பக்கம் ஒதுக்கினால்கூடப் போதும். எழுத முடியாதவர்கள் போனில் பேசி ஆடியோவாக அனுப்பினால், கேட்டு எழுதித் தர நானும் என் மகளும் தயார். பாட்டி சொன்னதை அவர் சம்மதத்தோடு எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் சரி என்றால் முதலில் அதையே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை