விளக்கு பார்க்கப் போகும் படகில் விளக்கு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பாலத்தில் வண்ண விளக்கு எரியும் இரவுகளில், படகில் போய்ப் பார்க்க முடியுமா என்று வெளியூர்க்காரர்கள் கரைக்கு வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. சிட்னியில் 2009 முதலும், ஆம்ஸ்டர்டாமில் 2012 முதலும் நடக்கும் ஒளித் திருவிழாக்களைச் சொல்லி, ராமநாதபுரம் கடற்கரையிலும் கார்த்திகை தீபத்தையொட்டி அப்படி ஒன்று வைத்து மாலைப் படகுச் சவாரி விடலாமே என்கிறவர்களும் இருக்கிறார்கள். விடலாம். இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் சாலையில் நின்றால் துண்டு துண்டாகத்தான் தெரியும். கடலுக்குள் அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றால்தான் மொத்தமும் ஒரே பார்வையில் அடங்கும். ஆனால் சிட்னி துறைமுகம் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் குடா. ஆம்ஸ்டர்டாமில் படகு ஓடுவது நகரத்து வாய்க்காலில். இங்கே இருப்பது பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் வாய். அங்கே செய்வதை அப்படியே இங்கே செய்ய முடியாது. இந்தக் கரையில் படகு ஓட்டுகிறவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம்.

முதலில் படகு அலங்காரம். திருவிழாப் படகு என்றதும் விளிம்பு முழுக்க சீரியல் பல்பு சுற்றி, நடுவில் ஜெனரேட்டர் வைத்து, பாட்டுப் போட்டு ஓட்டத்தான் எல்லோருக்கும் ஆசை. அதுதான் முதல் ஆபத்து. இரவில் ஒரு படகு எந்தப் பக்கம் போகிறது என்பதை மற்ற படகுக்காரர் அதன் விளக்கை வைத்துத்தான் கண்டுகொள்கிறார். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை. 12 மீட்டருக்குக் குறைவான இயந்திரப் படகுக்குச் சர்வதேசக் கடல் விதி அனுமதிக்கும் எளிய ஏற்பாடு இது. 28 அடி பைபர் படகுக்கும் இது கட்டாயம். இந்த மூன்றையும் மறைக்கும் விளக்கோ, இவற்றோடு குழப்பிக்கொள்ளும்படியான விளக்கோ போடக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு. சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும் படகு எதிரே வருகிறதா, விலகிப் போகிறதா என்று யாரால் சொல்ல முடியும்? போதாக்குறைக்குப் பின்னால் பாலமே பல நிறத்தில் எரிகிறது. அந்த வெளிச்சத்தின் முன்னே உங்கள் வெள்ளை விளக்கும் கரைந்துவிடும்.

அதைவிட மோசம், ஓட்டுகிறவர் கண். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பக்கத்தில் ஒரு பல்பு பளிச்சென்று எரிந்தால் அத்தனையும் போச்சு. திரும்பவும் முதலிலிருந்து பழக வேண்டும். முன்னால் மிதக்கும் வலை மிதவையோ கொடிக்கம்போ அவர் கண்ணில் படவே படாது. இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஒயர் இழுப்பது உப்புத்தண்ணீர் தெறிக்கும் படகில் விபரீதம். ஜெனரேட்டர் புகையும் சும்மா விடாது. அலங்காரம் இருந்தே ஆக வேண்டுமென்றால் 12 வோல்ட் பேட்டரியில் மங்கலான மஞ்சள் பட்டை விளக்கு ஒன்றை விளிம்புக்கு உட்புறம் தரையைப் பார்த்து ஒட்டுங்கள். காலடி தெரியும், அவ்வளவு போதும். பெட்ரோல் இன்ஜின் உள்ள படகில் அகல் விளக்கு, மத்தாப்பு என்ற பேச்சே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தங்கும்.

அடுத்தது, எந்தக் கடலில் ஓட்டுவது என்பது. இதை நாள்காட்டி முடிவு செய்யாது, காற்றுதான் முடிவு செய்யும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்று. அப்போது பாக் விரிகுடா பக்கமான வடகடல் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடா பக்கமான தென்கடல், தீவும் நிலமும் மறைப்பதால், ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது இது தலைகீழ். ஆகவே கார்த்திகை தீபத்துக்குச் சவாரி என்றால் பாம்பன் தீவின் தென்கரையில் உள்ள குந்துக்கால் பக்கமோ மண்டபம் தென்கரையோதான் சரி. ஆனி, ஆடியில் ஏதாவது விழா வைத்தால் வடகரையில் ஆட்களை ஏற்ற வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று நீவாடு, அதாவது கடல் நீரோட்டம். வாடைக் காலத்தில் பாம்பன் வாய்க்குள் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். கடல் அடங்கியிருக்கும் பக்கம் எதுவோ, அந்தப் பக்கம்தான் ஓட்டமும் போகிறது. அதனால் சரியான பக்கத்தில் நின்றால் இன்ஜின் நின்றுபோனாலும் படகு பாலத்தை விட்டு விலகித்தான் மிதந்து போகும். தவறான பக்கத்தில் நின்றால் ஓட்டம் நேராகத் தூண்களுக்குள் இழுத்துக்கொண்டு போகும். தூணில் குறுக்காகச் சாய்ந்த படகை மேலேறி வரும் தண்ணீர் உருட்டிவிடும். அந்த நேரத்தில் ஆட்கள் எழுந்து நின்றால் மீட்கவே முடியாது.

கார்த்திகை தீபம் பௌர்ணமியையொட்டி வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பௌர்ணமியன்று ஏற்றமும் வற்றமும் பெரிது. கரையில் பார்த்தால் தண்ணீர் இரண்டு, மூன்று அடிக்குள்தான் ஏறி இறங்கியிருக்கும், ஆனால் குறுகிய வாயில் அதன் வேகம் தெரியும். வாடைக் காலத்து ஓட்டத்தை அது கூட்டும், குறைக்கும், சில நேரம் திருப்பியும் விடும். எனவே கிளம்பும் முன் மட்டுமல்ல, நின்ற பிறகும் பாலத் தூண்களைக் கவனிக்க வேண்டும். தூணுக்குப் பின்னால் நுரை எந்தப் பக்கம் வால் விடுகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டம். வால் நீண்டுகொண்டே போனால் வேகம் கூடுகிறது. வால் மறைந்து தண்ணீர் சும்மா சுழன்றால் திரும்பப் போகிறது. உடனே கிளம்பிவிடுவது நல்லது. பாலத்துக்கு அடியில் இரவில் நுழையவே வேண்டாம். ரயில் பாலத்தில் உள்ள 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பாலத்துக்குக் கீழேதான் கப்பல்களும் பெரிய படகுகளும் போகும் வழி. அங்கே நின்று படமெடுப்பது நெடுஞ்சாலை நடுவில் பாய் விரிப்பதற்குச் சமம்.

நேரம். கார்த்திகையில் ஆறு மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். வானம் முழுக்கக் கறுப்பதற்கு முன், விழுந்து 20 நிமிடம் கழித்து வரும் நீல வெளிச்சத்தில்தான் பாலமும் விளக்கும் தண்ணீரும் சேர்ந்து தெரியும். ஐந்தரைக்குக் கரையை விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே நிற்கும் இடம் போய்ச் சேர்ந்து, ஏழேகாலுக்குள் திரும்பிவிட வேண்டும். பௌர்ணமி நிலா அந்த நேரத்தில்தான் கிழக்கே தீவுப் பக்கம் எழும்பும். காசு கொடுத்து ஏற்றிய விளக்கை எல்லாம் அது கொஞ்ச நேரம் தோற்கடித்துவிடும். எட்டு மணிச் சவாரி, ஒன்பது மணிச் சவாரி என்று அடுத்தடுத்து டிக்கெட் போடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. ஓட்டுகிறவரும் களைப்பார், காற்றும் மாறும்.

நிற்கும்போது நங்கூரம் போடுவதானால் மணல் தரையில் மட்டும். ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும். பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும் இடத்தில் போட்டால் பவளப்பாறை உடையும். நங்கூரமும் சிக்கி, கயிற்றை அறுத்துவிட்டு வர வேண்டியதாகும். குந்துக்காலுக்கு எதிரே இருக்கும் குருசடைத் தீவு, மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் ஒதுங்கவே கூடாது. எங்கள் யோசனை, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, முனையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்பது. எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் எந்த நொடியிலும் விலக முடியும். எண்ணெய்க் கணக்கும் பழைய கணக்குதான்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு.

28 அடி பைபர் படகில் எட்டுப் பயணிகள், இரண்டு படகோட்டிகள். அதற்கு மேல் ஒருவர்கூட வேண்டாம். குழந்தையும் ஒரு ஆள்தான். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு முழமாவது நிற்க வேண்டும். இல்லையென்றால் ஆளை இறக்குங்கள். விசைப்படகின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு ஏற்றுவதை யாரும் அனுமதிக்கக் கூடாது. 2023 மே 7 அன்று மாலை கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலி கொண்டது, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஈரடுக்குப் படகு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்ததில், ஆட்கள் ஒரு பக்கமாகக் கூடியதும் படகின் அமைப்புக் கோளாறும் சேர்ந்தே பேசப்பட்டன. விளக்குச் சவாரியில் இந்த ஒரு பக்கக் கூட்டம் ஒவ்வொரு நிமிடமும் நடக்கக்கூடியது; பாலம் இருப்பது ஒரு பக்கம்தானே. இதற்கு வழி எளிது. ஐந்து நிமிடம் இடப்பக்கம் பாலத்தைக் காட்டி நில்லுங்கள், பிறகு படகை ஒரு சுற்றுச் சுற்றி வலப்பக்கம் காட்டுங்கள். படகைத் திருப்பலாம், ஆட்களை இடம் மாற்றக் கூடாது. இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, பட்டையை இறுக்கிவிட வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறி வந்தால் அது தண்ணீரில் கழன்றுவிடும். பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சிறு பிள்ளைக்குப் போட்டுச் சமாளிப்பது போடாததற்குச் சமம். ஒவ்வொன்றிலும் விசில் இருக்கட்டும்; இருட்டில் கை அசைத்தால் யாருக்கும் தெரியாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். படிக்கட்டில் பாசி, செருப்பில் ஈரம், ஒரு கால் படகில், ஒரு கால் படியில், கையில் செல்போன். கடைசி ஆள் உட்காரும் வரை இன்ஜின் அணைந்தே இருக்க வேண்டும்.

வலை பற்றி. இருட்டும் நேரத்தில்தான் கரையோரம் நண்டு வலையும் பாச்சு வலையும் விடுகிறார்கள். சுற்றுலாவுக்காக அவர்களை ஒதுங்கச் சொல்வது நியாயமில்லை. அந்தந்த ஊர் மீனவர்களோடு பேசி ஒரு பாதையை மட்டும் வலை விடாமல் ஒதுக்கி வைத்து, இருபுறமும் மின்னும் மிதவை போட்டுக்கொள்ளலாம். அப்படியும் இன்ஜின் விசிறியில் வலை சிக்கினால் பின்னோக்கி ஓட்டிக் கழற்றப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். இன்ஜினை அணைத்து, தூக்கி, கத்தியால் அறுக்க வேண்டும். கத்தி கைக்கெட்டும் இடத்தில் கயிற்றில் கட்டியிருக்கட்டும். அறுத்த வலைக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

வருகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. செல்போனில் இரவுப் படம் என்ற வசதி இரண்டு, மூன்று நொடி அசையாமல் இருந்தால்தான் வேலை செய்யும். படகு அசைவதால் விளக்கெல்லாம் கோடு கோடாக இழுபடும். அதை அணைத்துவிட்டு வீடியோ எடுங்கள், அதிலிருந்து படத்தைப் பிரித்துக்கொள்ளலாம். ஃபிளாஷ் பாலம் வரை போகாது. படகோட்டியின் கண்ணைத்தான் கெடுக்கும். தலை சுற்றினால் போனைப் பார்க்காமல், அசையாத கரை விளக்கு ஒன்றையே பாருங்கள். வாடையில் தண்ணீர் தெறிக்கும், மாற்றுத் துணி இருக்கட்டும்.

ஒளித் திருவிழா நடத்த நினைப்பவர்கள் தனுஷ்கோடியை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2025-ல் பெரும்பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. தை பிறந்தால் ஆமை முட்டையிடும் கரை. கடலை நோக்கிப் போக வேண்டிய குஞ்சுகள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுப் பக்கம் ஏறிவிடும்.

மழைக்காலத்தில் நாளை உறுதி சொல்ல முடியாது. 2020-ல் தீபம் முடிந்து ஒரு வாரத்துக்குள் புரெவி புயல் பாம்பன் அருகே வந்து நின்றது. பாம்பன் துறைமுகத்தில் எந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினாலும், வானிலை மையம் மீனவர்களைப் போக வேண்டாம் என்று சொன்னாலும் சவாரி இல்லை. கூண்டு ஏறாமலே காற்று விழுந்து விழுந்து அடித்தாலும் இல்லை. வானத்தில் மேகமே இல்லாமல் எங்கிருந்தோ வரும் கள்ளக்கடல் என்ற பேரலைக்கும் கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கு எங்கள் கோரிக்கை இது. இரவுச் சவாரிக்குத் துறைமுக அலுவலகமும் கடலோரக் காவல் படையும் சேர்ந்து அனுமதி தரும் முறை வேண்டும். மீன்பிடி உரிமம் பயணிகளை ஏற்றும் உரிமம் ஆகாது. வடகரையா, தென்கரையா, இன்று இல்லையா என்ற முடிவு பிற்பகல் 2 மணிக்குள் டிக்கெட் கவுன்டரில் எழுதி ஒட்டப்பட வேண்டும். ரத்தானால் முழுப் பணமும் அன்றே திரும்ப வேண்டும். பணம் திரும்பாது என்றால்தான் வந்தவர்கள் "சும்மா ஒரு ரவுண்டு போய் வாங்கண்ணே" என்று படகோட்டியை நெருக்குவார்கள். கடலோரக் காவல் படையின் 1554 எண்ணும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணும் ஒவ்வொரு படகின் உட்புறத்திலும் பெயின்டில் எழுதப்பட வேண்டும். ஸ்டிக்கர் வேண்டாம், உப்பில் ஒரு மாதத்தில் உரிந்துவிடும்.

இப்படிக்கு,
பாம்பன், மண்டபம் கரைப் படகோட்டிகள் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்.