அபராத டப்பாவை எடுத்துவிடுங்கள்

மதுரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். 16 வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. இப்போது சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியறையில் சொந்தமாக வகுப்பு நடத்துகிறேன். அதனால் இதை யாரோ வெளியாள் சொல்லும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோடை விடுமுறை வரப்போகிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுத்தாவணி வரை நம் பேனர்கள் தொங்கும். '30 நாளில் சரளமான இங்கிலீஷ்' என்பதைக்கூட விட்டுவிடலாம், வியாபாரத்தில் அது சகஜம். 'வகுப்பில் தமிழுக்கு அனுமதி இல்லை' என்று பெருமையாகப் போடுகிறோமே, அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது.

முன்பு நான் வேலைபார்த்த இடத்தில் மேசை மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். மூடியில் காசு போட ஒரு கீறல். தமிழில் ஒரு வார்த்தை பேசினால் 5 ரூபாய். உசிலம்பட்டியிலிருந்து வரும் நர்சிங் மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். அது கணக்கு என்று அப்புறம்தான் புரிந்தது. பஸ்ஸுக்குப் போக அவள் கையில் மிஞ்சுவது பத்து ரூபாய். பேசாமல் இருந்தால் அபராதம் கிடையாதே.

ஒருநாள் முதலாளி வெளியூர் போயிருந்தார். டப்பாவைத் தூக்கி பீரோவில் வைத்துவிட்டு, "இன்னிக்கு எதை வேணும்னாலும் தமிழ்லயே கேளுங்க" என்றேன். அவள்தான் முதலில் கேட்டாள்: "மிஸ், நாம போறோம்னாலும் 'வி', நாங்க போறோம்னாலும் 'வி'யா? அப்ப எதிர்ல இருக்கிற ஆளு, தானும் வரணுமா வேணாமான்னு எப்படித் தெரிஞ்சுக்குவாரு?"

எம்.ஏ. இங்கிலீஷ் படித்த எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. 'வி ஆர் கோயிங் டு த ஸ்கேன் ரூம்' என்று ஒரு நர்ஸ் சொன்னால் நோயாளி எழுந்து வருவதா, படுத்தே இருப்பதா? அன்றைக்கு முக்கால் மணி நேரம் இதிலேயே போனது. கடைசியில் முன்னால் 'ப்ளீஸ் கம் வித் அஸ்' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று அவளே முடிவுகட்டினாள். மூன்று வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் அது.

'இஸ்கூல்' சமாச்சாரமும் இப்படித்தான். யாராவது அப்படிச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது, நாமும் சேர்ந்துகொள்கிறோம். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் தனி மெய் வராது என்பது நம் இலக்கணம். நாக்கு அதற்குக் கட்டுப்பட்டு முன்னால் ஓர் இகரத்தைப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஸ்பெயின்காரர்களும் இதே இடத்தில் ஓர் எகரத்தைப் போட்டுத்தான் இங்கிலீஷ் பேசுகிறார்கள். அவர்களை நாம் பட்டிக்காடு என்பதில்லை. பாம்பு மாதிரி 'ஸ்ஸ்' என்று சீறிவிட்டு 'கூல்' சொல்லச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஆனால் ஏன் என்று விளக்கத் தமிழ் வேண்டியிருக்கிறது.

1835இல், இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே தன் குறிப்பில் என்ன கேட்டார் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம்: ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராக, ருசியிலும் கருத்திலும் ஆங்கிலேயராக ஒரு கூட்டம். அதே இடத்தில், அந்தக் கூட்டம் நாட்டு மொழிகளைச் செம்மைப்படுத்தி, அவை வழியாக அறிவை மக்களிடம் கொண்டுபோகட்டும் என்றும் எழுதியிருக்கிறார். நாம் மெக்காலேவையே மிஞ்சிவிட்டோம்.

என் மாடியறையிலிருந்து நடக்கிற தூரம்தான் வடக்கு மாசி வீதி. 1965 ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்தது அங்கேதான். 1968இல் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆங்கிலம் என்றால் எந்த மாநிலத்துக்காரனுக்கும் சம தூரம் என்பதுதான் அன்றைக்கு நம் வாதம். ஊருக்குள் அது யாருக்கும் சம தூரத்தில் இல்லை என்பது நமக்குத் தெரியும். அந்தத் தூரத்துக்கு டிக்கெட் விற்பவர்கள் நாம். டிக்கெட் எடுத்து ஏறியவர்களிடமே அபராதமும் வாங்கினால் எப்படி?

பெற்றோர் கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கத்தான் செய்கிறார்கள். மேலூரிலிருந்து வந்த ஓர் அப்பா, "தமிழ்ல பேசுனா ரெண்டு போடுங்க டீச்சர்" என்றார். எந்தக் கவுண்டரில் யார் அவரை மட்டமாகப் பேசினார்களோ. அவரிடம், "அண்ணே, பிள்ளை முதல்ல பயப்படாம வாயைத் திறக்கட்டும்" என்றேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் பிள்ளையை நிறுத்தவில்லை.

தமிழிலேயே ஓட்டிவிட்டால் இங்கிலீஷ் காதில் விழாது என்பதும் நிஜம்தான். என் வகுப்பு ஒரு மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் இங்கிலீஷ்தான். மிச்சக் கால் மணி கேள்விக்கு, எந்த மொழியிலும் கேட்கலாம்.

பேனர் அச்சுக்குப் போவதற்கு முன் அந்த வரியை அடித்துவிடுங்கள். டப்பாவில் காசு சேர்ந்திருந்தால் பிள்ளைகளுக்கு டீயும் வடையும் வாங்கிக்கொடுங்கள். அவர்கள் காசுதானே.

இப்படிக்கு,
சிம்மக்கல் மாடியறை டீச்சர்