புகார் கொடுத்தவர் பெயரைக் காக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசு அலுவலக எழுத்தர்
(பெயரும் முகவரியும் தனி உறையில் ஒட்டி இணைத்திருக்கிறேன். காரணம் கீழே.)

பெறுநர்:
உயர்திரு தலைமைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: அரசியல் செல்வாக்குள்ளவர்கள் மீதான ஊழல், பாலியல் புகார்களில் புகார்தாரரின் அடையாளம் வெளியே போவதைத் தடுக்க அரசாணை பிறப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 31 வருடம் மனுக்களை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றி, அடுத்த மேசைக்கு அனுப்பும் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு நானே ஒரு மனு கொடுத்தேன். எங்கள் பகுதிக் கண்மாயில் வண்டல் எடுக்கிறோம் என்று அனுமதி வாங்கிவிட்டு, இரவில் கிராவல் அள்ளினார்கள். பின்னால் இருந்தவர் ஆளும் இடத்தில் செல்வாக்குள்ள ஒருவர். லாரி எண்களைக் குறித்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன்.

நான்காம் நாள் மாலை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, "அண்ணே, இது உங்க கையெழுத்துதானே?" என்று காட்டினார். என் மனுவின் ஜெராக்ஸ். தபால் பிரிவின் முத்திரை, ஓரத்தில் பச்சை மையில் ஓர் அதிகாரியின் சுருக்கொப்பம், கீழே என் செல்போன் எண், அதற்கு அடியில் ஒரு கோடு. அந்தக் கோடு நான் போட்டதல்ல.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: "தல விசாரணை செய்ததில் புகாரில் உண்மை இல்லை எனத் தெரியவருகிறது. மனு முடிக்கப்பட்டது." விசாரிக்க யாரும் என்னிடம் வரவில்லை. வந்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் இருந்தபோது நானும் எத்தனையோ மனுக்களை "தக்க நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது" என்று எழுதி, யார் மேல் புகாரோ அவர் அலுவலகத்துக்கே பெயர், முகவரியோடு அனுப்பியிருக்கிறேன். அப்போது அது தவறாகத் தோன்றியதே இல்லை. நடைமுறை அப்படி.

பெண்கள் புகாரில் இந்த நடைமுறை இன்னும் கொடுமை. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை முதலில் காவல் அதிகாரி வெளியில் சொன்னார். பிறகு அரசாணையிலும் அந்தப் பெயர் வந்தது. 2019 மார்ச்சில் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். சரி, இனிமேல் கவனமாக இருப்பார்கள் என்று நினைத்தோம். 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு மாணவி கொடுத்த பாலியல் புகாரின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. மறுபடியும் நீதிமன்றம், மறுபடியும் அதே 25 லட்சம். நடுவில் ஐந்து வருடம் ஓடியிருந்தது. பாதிக்கப்பட்டவர் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவில் முன்பே குற்றம். அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவிலும் குற்றம்.

பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. சாட்சிகள் பிறழாமல் நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது. எல்லா ஊரிலும் சாட்சிகளால் அப்படி நிற்க முடியாது.

ஊழல் புகாரிலும் கதை இதுதான். பீகாரில் நெடுஞ்சாலைத் திட்டத்தில் இருந்த பொறியாளர் சத்யேந்திர துபே, முறைகேடு பற்றிப் பிரதமருக்கு எழுதி, பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்கள் செய்தது என்று வழக்கு முடிந்தது. அது எப்படியோ, அவர் கேட்டுக்கொண்ட ஒரே உதவியை யாரும் செய்யவில்லை. அடுத்த ஆண்டு மத்திய அரசு போட்ட தீர்மானப்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பெயரை மறைத்து விசாரிக்கிறது. ஆனால் மாநில அரசு ஊழியர்கள் மீதான புகார் அதில் வராது. 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புகார்தாரர் பாதுகாப்புச் சட்டமோ நடைமுறைக்கே கொண்டுவரப்படாமல் கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. என் மனு எதிராளியின் சட்டைப் பைக்கு நான்கு நாளில் போய்விடுகிறது. அது என்ன ஆயிற்று என்று நான் கேட்டால் ரகசியம் என்கிறார்கள். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 2008-லேயே தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தாகிவிட்டது. அதே சட்டத்தின் 24(4) பிரிவு, ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்கிறது. இந்த வரியைப் பதில்களில் நான் பார்த்ததில்லை.

ஆகவே தாங்கள் ஓர் அரசாணை பிறப்பிக்க வேண்டுகிறேன். புகாரின் முதல் பக்கத்தைப் பிரித்து, பெயரும் முகவரியும் வாங்கிய அதிகாரியிடமே ஒட்டிய உறையில் இருக்கட்டும். கீழே போகும் நகலில் எண் மட்டும் போதும். யார் மேல் புகாரோ அவருக்கோ அவருக்குக் கீழே இருப்பவருக்கோ விசாரணை போகக் கூடாது. பெயர் கசிந்தால் கோப்பு கடைசியாக யார் கையில் இருந்தது என்று பார்த்து, அவர் மேல் துறை நடவடிக்கை வர வேண்டும். இழப்பீட்டை அரசுக் கஜானா மட்டும் சுமப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. அப்புறம், ஊழல் தடுப்புச் சட்டப்படி அரசு ஊழியர் மேல் வழக்குத் தொடர மேலதிகாரி அனுமதி தர மூன்று மாதம், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்று கெடு இருக்கிறது. அதைத் தாண்டினால் அனுமதி தர வேண்டிய அதிகாரியே பொறுப்பு என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தாமதமாகும் கோப்புகளின் பட்டியலை மாதாமாதம் வெளியிடச் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு பெண் மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். புகார் ஓர் அரசியல் புள்ளி மேல்; விவரம் இங்கே வேண்டாம். பாதி எழுதியிருந்தேன். "என் பேரு வெளிய வராதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா சார்?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். தாளை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த மனுவுக்கான பதிலை மாவட்டம் வழியாக அனுப்பாமல், உறைக்குள் இருக்கும் முகவரிக்கு நேரடியாகத் தபாலில் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம் உறைக்குள்)