ஆண்டறிக்கை 2025–26

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஈரோடு வட்டாரத்தில் இணையம் வழியாக விற்பனை செய்யும் சிறு வணிகர்களான நம் சங்கத்தின் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 58 உறுப்பினர்கள் இருந்தோம். புதிதாக 7 பேர் சேர்ந்தார்கள், 2 பேர் தொழிலை விட்டதால் விலகினார்கள். இன்று 63 பேர். செயற்குழு ஆறு முறை கூடியது. ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பார்சல்களை அஞ்சல் துறை நிறுத்தி வைத்தபோது, சரக்கு தேங்கிய உறுப்பினர்களுக்காக அவசரக் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதையொட்டி ஆடிட்டர் ஒருவரை அழைத்து விளக்கம் கேட்டோம். தீபாவளிக்கு முன் கூரியர் கட்டணத்தில் சலுகை பேசி வாங்கினோம். பொங்கலுக்குக் குடும்ப விழா சிறப்பாக நடந்தது.

இனி, இந்த ஆண்டில் என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறுப்பினர்களின் கடைப்பக்கங்களைப் பார்வையற்றோரும் காது கேளாதோரும் கை நடுக்கம் உள்ளவர்களும் பயன்படுத்தும்படி திருத்தும் பணி அது. "செயலாளர் தன் சொந்த விருப்பத்துக்குச் சங்கப் பணத்தைச் செலவழிக்கிறார்" என்று வெளியே பேசப்படுவது என் காதுக்கும் வந்தது. ஆகவே நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன்.

சென்ற சித்திரையில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா எனக்குப் போன் செய்தார். ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். "ஏனுங்க அம்மணி, பேத்தி கல்யாணத்துக்கு ஜமக்காளம் வேணும்னு உங்க கடைக்குள்ள அரை மணி நேரமா நிக்கறேன். போன் இமேஜ், இமேஜ், பட்டன், பட்டன்னே சொல்லுது. எது சாமான், எது விலைன்னு ஒண்ணும் தெரியலீங்க" என்றார்.

பவானியில் என் மாமனார் காலத்திலிருந்து எங்களுக்குத் தறி ஓடுகிறது. வாசலில் ஆள் நிழல் தெரிந்தாலே "வாங்க" என்று கூப்பிட்டு, ஜமக்காளத்தை விரித்துத் தடவிப் பார்க்கக் கொடுக்கிற வீடு. அந்த வீட்டின் இணையக் கடையில் ஒருவர் அரை மணி நேரம் நின்றிருக்கிறார், அவரை வாங்க என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. அன்று இரவு என் போனில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி என் கடைக்குள் நானே நுழைந்து பார்த்தேன். பணம் கட்டும் இடம் வரை என்னால் போய்ச் சேர முடியவில்லை.

ஜூன் மாதச் செயற்குழுவில் இதைச் சொன்னேன். உறுப்பினர்களின் கடைகளை எல்லாம் ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பரிசோதிக்க ஈரோட்டைச் சேர்ந்த பார்வையற்ற பட்டதாரித் தம்பி ஒருவர் கிடைத்தார். ஒரு கடைக்கு 500 ரூபாய் மதிப்பூதியம் பேசினேன். தொகையைச் செயற்குழுவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது உண்மை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "சேவையாகச் செய்து தர மாட்டாரா?" என்று கேட்டவர்களுக்கு அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறேன். பொருளைப் படம் எடுக்க வருகிறவருக்குக் கூலி கொடுக்கிறோம், பேக்கிங் பையனுக்குக் கொடுக்கிறோம். நம்மில் ஒருவராலும் செய்ய முடியாத வேலையைச் செய்கிறவருக்கு மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது?

பன்னீர்செல்வம் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள சங்க அறையில் சனிக்கிழமை மதியங்களில் இந்த வேலை நடந்தது. தம்பியின் லேப்டாப்பில் இருப்பது என்விடிஏ என்னும் திரைவாசிப்பான். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கியது, காசு கிடையாது. அது பேசும் வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் அந்த வேகத்திலேயே கேட்டுக்கொண்டு, ஒரு கடைக்குள் போய், எங்கே மாட்டிக்கொள்கிறார் என்பதைச் சொல்லிக்கொண்டே வருவார். நான் எழுதிக்கொள்வேன்.

31 கடைகளைப் பார்த்தோம். கண்டதில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன், இன்னும் பார்க்காத 32 பேருக்கும் உதவும்.

நம்மில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்புக்குச் செய்த போஸ்டரையே கடையிலும் ஏற்றிவிடுகிறோம். பொருளின் பெயர், அளவு, விலை எல்லாம் படத்துக்குள் இருக்கிறது. திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். படத்துக்கு மாற்று உரை எழுதும் பெட்டி பெரும்பாலான கடை மென்பொருள்களில் உண்டு. அதில் "படம் 1" என்று எழுதிப் பயனில்லை. "சிவப்பு, பச்சை, மஞ்சள் கோடு போட்ட பவானி ஜமக்காளம், ஆறடிக்கு நாலடி" என்று, போனில் கேட்கும் வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல் எழுத வேண்டும். விலையைப் படத்திலிருந்து வெளியே எடுத்து எழுத்தாகவும் போட வேண்டும்.

எழுத்துரு விஷயம் எனக்கே புதிது. டிடிபி கடையில் பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வாங்கிய வரிகளை இருவர் அப்படியே ஏற்றியிருந்தார்கள். பாமினியில் "அம்மா" என்று நம் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். திரைவாசிப்பான் அந்தக் குறிகளைத்தான் உளறும். கூகுளில் தேடுகிறவருக்கும் அந்தப் பொருள் அகப்படாது. தமிழ்நாடு அரசு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்று 2010-லேயே ஆணை போட்டாயிற்று. இன்னும் நாம் பாமினியில் விற்றுக்கொண்டிருந்தால் எப்படி? இன்னொன்று, பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே, தீம் எனப்படும் கடை வடிவமைப்பில் பதிந்திருக்கும். அதைத் தமிழ் என்று மாற்றாத கடைகளில், தம்பியின் கருவி தமிழ் வரிகளை வாயே திறக்காமல் தாண்டிப் போனது. மாற்றியதும் நல்ல தமிழில் படித்தது. மாற்ற ஆன நேரம் இரண்டு நிமிடம்.

மஞ்சள் தூள் விற்கும் உறுப்பினர்கள் வெள்ளைத் தளத்தில் மஞ்சள் எழுத்து வைத்திருந்தார்கள். பார்க்க மங்கலமாக இருக்கிறது, படிக்க முடியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது உலக அளவிலான வழிகாட்டி. அவர்களுடையது 2-ஐக்கூடத் தொடவில்லை. கண்புரை உள்ளவருக்கு மட்டுமல்ல, வெயிலில் நின்று போனைப் பார்க்கும் யாருக்கும் அது தெரியாது. விரலால் பெரிதாக்க முடியாதபடி பூட்டிய பக்கங்கள், பெயர் எழுதாத முகவரிப் பெட்டிகள், கலங்கிய எழுத்தைக் கண்ணால் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா, ஓடிபி அடிப்பதற்குள் முடிந்துவிடும் நேரம் என்று மற்றவையும் பல. "ஆர்டருக்கு அழைக்கவும்" என்று போன் எண் மட்டும் போட்டிருந்த செக்கு எண்ணெய்க் கடைக்காரரிடம், காது கேளாதவர் எப்படி அழைப்பார் என்று கேட்டேன். மறுநாளே வாட்ஸ்அப் எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டார். அவருக்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொள்வதால் சிலவற்றைத் தெளிவுபடுத்துகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 46-ஆம் பிரிவு, சேவை தருவோர் அரசானாலும் தனியாரானாலும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல் விதிகளின்படி சேவை தர வேண்டும் என்கிறது. மீறினால் 89-ஆம் பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரையிலும் அபராதம். இணையதளங்களுக்கான இந்தியத் தரத்தின் பெயர் ஐஎஸ் 17802. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி வெறும் பரிந்துரையாக்கி வைத்திருக்கிறது என்று கூறி, அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாததாக்கியது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கும்படியும் சொன்னது. நம் ஆண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, 2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கில் இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் கேஒய்சி என்னும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லி அலைக்கழிக்கப்பட்ட வழக்கு அது. இணைய வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஐரோப்பாவுக்குப் போர்வை அனுப்பும் சென்னிமலை உறுப்பினர்கள், 2025 ஜூன் 28 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த அணுகல் சட்டத்தைக் கேள்விப்பட்டுப் பயந்துபோனார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்து, ஆண்டு வரவு 20 லட்சம் யூரோவுக்குள் உள்ள மிகச் சிறு நிறுவனங்களின் சேவைகளுக்கு அதில் விலக்கு உண்டு. நம்மில் அநேகமாக எல்லோரும் அதற்குள் வருகிறோம். அந்தப் பயத்தைப் பயன்படுத்தி ஒரு முகவர், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் என்று சொல்லிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பொம்மைப் பொத்தானை ஒட்டிவிட்டு "சட்டப்படி எல்லாம் சரி" என்று ஆண்டுச் சந்தா வாங்கிப் போயிருக்கிறார். மூன்று பேர் ஏமாந்தார்கள். தம்பி அந்த மூன்று கடைகளையும் பார்த்தார். பொத்தான் இருந்தது, பெயரில்லாத பெட்டிகள் பெயரில்லாமலே இருந்தன. இப்படிப் பொத்தான் விற்ற ஒரு நிறுவனம் தவறான வாக்குறுதி தந்ததற்காகப் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியிலேயே அறிவித்தது. பணம் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டிருக்கலாம் என்று சொல்லும்போது வராதவர்களையும் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டில் நடந்த பயிற்சிக்கு 22 பேர் வந்தார்கள். அக்டோபரில் 14. ஜனவரியில் 9 பேர், அதில் செயற்குழுவினர் 5 பேர். கோவையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த பயிற்றுநர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசினார். எனக்கு மனம் மிகவும் கஷ்டப்பட்டது. 32 உறுப்பினர்கள் கடையின் லிங்கைக்கூட அனுப்பவில்லை. நான்கு முறை செய்தி போட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. "அவிங்கெல்லாம் நம்ம கடையில வாங்கப் போறாங்களா?" என்று ஒருவர் கேட்டார். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். உள்ளே வர வழியே வைக்காமல், வாங்க மாட்டார்கள் என்று எப்படிச் சொல்கிறோம்?

பார்த்த 31 கடைகளில் 19 முழுமையாகத் திருத்தப்பட்டுவிட்டன. 12 பாதியில் நிற்கின்றன. கோபி அம்மாவுக்கு ஆவணியில் என் கடையைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். யார் துணையும் இல்லாமல் இரண்டு ஜமக்காளம் எடுத்து, தானே பணமும் கட்டினார். அந்த ஆர்டர் சீட்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவும் நன்கொடையுமாக வந்ததில் வாடகை, மின்கட்டணம், விழாச் செலவு, பயிற்சிச் செலவு போக ஒரு சிறு தொகை கையிருப்பில் உள்ளது. பரிசோதனை மதிப்பூதியம் 15,500 ரூபாய் தனித் தலைப்பில் காட்டப்பட்டுள்ளது. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாயை 27 பேர் கட்டவில்லை. அவர்களில் 11 பேருக்கு இரண்டு ஆண்டு பாக்கி. மொத்தம் 45,600 ரூபாய் வெளியே நிற்கிறது. பரிசோதனைச் செலவைக் குறை சொன்னவர்களில் சிலர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

ஆலோசனை தந்த தலைவருக்கும், கேள்வி கேட்டாலும் காசோலையில் கையெழுத்திட்ட பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், அறை வாடகையை உயர்த்தாத கட்டட உரிமையாளருக்கும், பயிற்றுநருக்கும், பரிசோதித்துத் தந்த தம்பிக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் மீதமுள்ள 32 கடைகளைப் பார்க்க 16,000 ரூபாய் வேண்டும். பாதியில் நிற்கும் 12-ஐ மறுபடி பார்க்க 6,000. நெசவு வீடியோக்களுக்குத் தமிழில் வசன வரி சேர்க்கவும் ஆள் தேவை. சந்தா பாக்கியில் பாதி வந்தாலே இந்த 22,000 ரூபாய்க்குப் போதும். செயலாளர் பொறுப்புக்கு வேறு ஒருவர் முன்வந்தால் எழுதி வைத்த குறிப்புகள் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு அவருக்கு உதவியாக இருப்பேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் தனியாக முடியாது. தம்பி இந்தச் சனிக்கிழமையும் மூன்று மணிக்குச் சங்க அறையில் இருப்பார். லிங்கை இன்று கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசல் மேசையில் உள்ள நோட்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்