வெசாக் ஓர்க்கிட்டைக் காட்டிலேயே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகும் வழியில், ஒருவர் மரப்பட்டையோடு பிய்த்தெடுத்த ஓர்க்கிட் கொத்துகளைத் தும்புக்கயிற்றால் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். "வெசாக் மல்" என்றார்; மே மாத வெசாக் பண்டிகைக் காலத்தில் பூக்கும் ஓர்க்கிட்டுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். எங்கிருந்து என்று கேட்டேன். கலவானைப் பக்கத்துக் காடு என்றார். ஒரு கொத்தில் வெடிக்காத பச்சைக் காய் ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை.

ஆறு வருடத்துக்கு முன் நானும் இப்படியொன்றை வாங்கினேன். எங்கள் தொடர்மாடிப் பல்கனியில் இரண்டு மே மாதங்கள் பூத்தது. பூக்கள் வாரக்கணக்கில் வாடாமல் நின்றன. அக்கம்பக்கத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு காய்கூட வரவில்லை. மூன்றாம் வருடம் செத்துப்போனது.

உயிரியல் படிப்பித்தவள் நான். அது ஏன் காய்க்கவில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஓர்க்கிட்டின் மகரந்தம் மற்றப் பூக்களில்போல் பொடியாக உதிராது. மெழுகு உருண்டையாகத் திரண்டிருக்கும். பூவுக்கு ஏற்ற பூச்சி வந்து, சரியான இடத்தில் உடம்பு உரசினால்தான் அது ஒட்டிக்கொண்டு போகும். இங்கிலாந்து ஓர்க்கிட் ஒன்றுக்குள் டார்வின் பென்சில் நுனியை விட்டுப் பார்த்தார். உருண்டைகள் பென்சிலில் நிமிர்ந்தபடி ஒட்டிக்கொண்டன. அரை நிமிடத்தில் தாமாகவே முன்பக்கம் சாய்ந்தன. பூச்சி அடுத்த பூவுக்குள் நுழையும்போது மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியில் நேராகப் படுவதற்கான ஏற்பாடு அது! 1862இல் அவர் எழுதிய ஓர்க்கிட் நூலில் இது இருக்கிறது.

பிறகு, கடையில் வாங்கிய டென்ட்ரோபியம் என்ற ஓர்க்கிட் வகையின் இரண்டு கன்றுகளில் நானே தென்னை ஈர்க்கால் ஒன்றின் மகரந்த உருண்டையை எடுத்து மற்றதன் பூவில் வைத்தேன். இரண்டு மூன்று நாளில் அந்தப் பூ சுருங்கிவிட்டது. அதே காம்பில் நான் தொடாத பூக்களோ புதிதுபோலவே நின்றன. அப்போதுதான் உறைத்தது. பல்கனியில் நான் வாரக்கணக்கில் ரசித்தது, வராத பூச்சிக்காகக் காத்துக்கொண்டிருந்த பூக்களை.

கை வைத்த பூ காயானது. பல மாதம் கழித்து வெடித்தபோது உள்ளே தூசிபோல ஆயிரக்கணக்கான விதைகள். எல்லாச் சாடிகளிலும் தூவினேன், ஒன்றும் முளைக்கவில்லை. நெல்லிலும் பயற்றிலும் இருப்பதுபோல இந்த விதைக்குள் முளைக்குச் சாப்பாடு இல்லை. காட்டு மரப்பட்டையில் வாழும் ஒருவகைப் பூஞ்சணம் உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சணத்தையும் பூச்சியையும் யாரும் கயிற்றில் கட்டிக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாது.

வெசாக் ஓர்க்கிட் உலகில் நம் நாட்டு ஈரவலயக் காடுகளில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. ஓர்க்கிட் ஆசை பிழையில்லை. ஆய்வுகூடத்தில் போத்தலுக்குள் சீனிக்கூழில் முளைக்கவைத்து வளர்த்த கன்றுகள் தாராளமாகக் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். பட்டையோடு வருவதை வாங்காதீர்கள். வாங்க ஆளிருப்பதால்தான் பிய்க்கிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் வெசாக்குக்கு முந்திய வாரம் உங்கள் சிறுவர் பக்கத்தில் இந்தப் பூவின் படத்தையும் அது காய்க்கும் விதத்தையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதித் தரவும் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06